பென்சிலில் எழுதிய நூலகர்

எங்கள் ஆரணி கிளை நூலகத்தின் நூலகர் பென்சிலில்தான் எழுதுவார். புத்தகம் திரும்பி வந்ததும், எடுத்தவர் பெயரை ரப்பரால் அழித்துவிட்டு நோட்டை ஊதுவார். அவர் சட்டைப் பையில் எப்போதும் ரப்பர் தூள் ஒட்டியிருக்கும்.

பட்டு நெசவாளர்கள் நாங்கள் கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தியிருந்த வாரம், மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வந்தார். தொழிற்சங்கச் சட்டப் புத்தகத்தை யார் எடுத்தது என்று கேட்டார். நான்தான். முந்தின நாள் திருப்பிக் கொடுத்திருந்தேன். அங்கே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

"புக்கு வந்துடுச்சுங்க. வந்தப்புறம் பேரு எதுக்குங்க?" என்று நூலகர் நோட்டைத் திருப்பிக் காட்டினார். போலீஸ்காரர் முறைத்துவிட்டுப் போனார்.

பிறகு நூலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. போன மாதம் மறுபடியும் கூலித் தகராறு. அதே புத்தகத்தை எடுத்துப் படித்துத் திருப்பிக் கொடுத்தேன். திரையில் என் பெயர் அப்படியே நின்றது. அவர் எதையெதையோ தட்டிப் பார்த்தார்.

"போவ மாட்டேங்குதுங்க. எல்லாம் மெட்ராஸ்ல போயி உக்காந்துகினு இருக்குது. இனிமே எடுத்துகினு போவாதீங்க, இங்கயே படிச்சுடுங்க."

படிக்கும் மேசைக்குப் போனேன். அதற்கு நேர் மேலே புதிதாகக் கேமரா மாட்டியிருந்தார்கள். அவரும் அண்ணாந்து அதைப் பார்த்தார். கை மட்டும் சட்டைப் பையில் ரப்பரைத் தேடிக்கொண்டிருந்தது.