வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார்

அந்தக் காலை நான் எந்த நீதிமன்றத்திலும் இருக்கவில்லை. பேராதனையில் பூங்கா மதிலோரம் காரை நிறுத்திவிட்டு, நேரம் ஓடட்டும் என்று உள்ளே உட்கார்ந்திருந்தேன். இருபது வருடங்களாகச் சட்டத்தரணியாக இருப்பவள் செய்கிற வேலையா இது? செய்தேன்.

தேயிலைத் தோட்டத்து இளைஞன் ஒருவன், ஒரு சிறுமியைக் கொன்றதாகப் பிடிபட்டிருந்தான். கொன்றானா இல்லையா என்று யாருக்கும் தெரியாது; ஊர் தீர்ப்பு எழுதி முடித்திருந்தது. எங்கள் நீதிமன்றச் சட்டத்தரணிகள் கூடி, அவனுக்காக யாரும் முன்னிலையாவதில்லை என்று கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அந்தக் குழந்தையின் படத்தைப் பார்த்த எவருக்கும் கை தானாக எழும்.

இரண்டு நாள் கழித்து அவன் தாய் என் வீட்டுக்கு வந்தார். கதிரையைக் காட்டியும் உட்காரவில்லை.

"அம்மா, ரிமாண்டுல கூட இருக்கிறவங்களே அவன அடிக்கிறாங்க. ஒரு கண்ணு தெறக்க முடியல. மறுபடி அதே அறையில போட்டா பொணமாத்தான் வருவான். வேற எடத்துல வைங்கன்னு ஜட்ஜ் ஐயாகிட்ட கேக்க ஒரு வாய் இல்லீங்களே."

மகனை விடுவிக்கச் சொல்லிக்கூட அவர் கேட்கவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. மறுநாள் தொலைபேசியில் ஒரு ஆண் குரல், மரியாதையான சிங்களத்தில், என் மகளின் பாடசாலைப் பெயரையும் அவளை ஏற்றிச் செல்லும் வான் புறப்படும் நேரத்தையும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. திட்டியிருந்தால் பரவாயில்லை. அதன்பிறகு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றாலே எழுந்து போய்க் கதவைப் பூட்டினேன். வழக்கு நாளன்று மகளைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. கார்க் கண்ணாடியில் பெருமையாக ஒட்டியிருந்த சட்டத்தரணி ஸ்டிக்கரைப் பிளேடால் சுரண்டி எடுத்தேன்.

விளக்கமறியலில், அதாவது ரிமாண்டில், இருப்பவர்களின் வழக்குகளை முதலில் கூப்பிட்டுவிடுவார்கள். பத்து மணிக்குப் போனால் எல்லாம் முடிந்திருக்கும். வீதி நெரிசல் என்று தாயிடம் சொல்லலாம்; கண்டியில் அதை யார் நம்பமாட்டார்கள்? பாம்பும் நோகாமல், பாம்படித்த கோலும் நோகாமல் தப்பிக்கப் பார்த்தேன்.

பத்து மணிக்கு நான் நீதிமன்றப் படியேறும்போது, மடவளையிலிருந்து வரும் சட்டத்தரணி நண்பர் ஓடிவந்தார்.

"மிஸ், எங்க போனீங்க? உங்கட கேஸ் கூப்பிட்டாங்க. நீங்க வேற கோட்டுல நிக்கிறீங்கண்டு சொல்லி, பொறகு எடுக்க வெச்சிருக்கன்."

எங்கள் தொழிலில் இது தினசரி உதவி. ஒருவர் தாமதமானால் இன்னொருவர் எழுந்து, 'வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார்' என்பார். உண்மையா பொய்யா என்று யாரும் கேட்பதில்லை. சட்டத்தரணி உண்டா என்று நீதவான் கேட்க, கூண்டிலிருந்தவன் என் பெயரைச் சொன்னானாம். பெயரைக் கேட்டதும் நண்பர் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டார். அவரும் என்னுடன் கை தூக்கியவர்தான். யாருடைய வழக்கு என்பது சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. "வாயில வந்திட்டு மிஸ்," என்றார். அவர் முகமும் வெளிறியிருந்தது.

உள்ளே போனேன். அவனுடைய ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. மற்றக் கண் என்னையே பார்த்தது. சந்தேகநபருக்காக முன்னிலையாகிறேன் என்றேன். கேட்கவில்லை, உரக்கச் சொல்லுங்கள் என்றார் நீதவான். இரண்டாம் தடவை சொன்னபோது என் பின்னால் மண்டபம் முழுவதும் முணுமுணுத்தது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ரிமாண்டில் அவனை அடிக்கிறார்கள் என்று சொல்லி, வேறு இடம் கேட்டேன். வைத்தியரிடம் காட்டவும் தனி அறையில் வைக்கவும் உத்தரவு கிடைத்தது. பதினான்கு நாளில் மறுபடியும் வர வேண்டும்.

வெளியே தாய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"வேற கோட்டுல ஒருத்தர பாதியில விட்டுட்டு எங்களுக்காக ஓடி வந்தீங்களாமே. பாவம், அவருக்குக் கெடுதல் ஒன்னும் ஆகாதுங்களா?"

"அவருக்கு ஒன்றும் ஆகாது," என்றேன். அன்று காலை காருக்குள் நான் காப்பாற்றிக்கொண்டிருந்த அந்த ஒருத்தர் நான்தான் என்று இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.