மாத்திரைக்குக் கேட்காமல் போனபோது

என் அக்கா வீட்டுக்காரர் டவர் கிரேன் ஓட்டுகிறவர். கட்டடத்துக்கும் மேலே, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய கண்ணாடி அறைதான் அவருக்கு ஆபீஸ். கீழே நின்று வாக்கிடாக்கியில் ‘தூக்கு, இறக்கு’ என்று சொல்வது என் வேலை. சைட்டில் அவருக்கு ‘மாடிவீட்டு மாப்பிள்ளை’ என்று பெயர். மேலேயிருந்தபடியே என்னை நக்கலடிக்காவிட்டால் அவருக்குப் பொழுது போகாது.

அந்த நக்கலே மாத்திரை மீட்டுத் தந்ததுதான். சில வருஷங்களுக்கு முன்னால் மனச்சோர்வு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்த மனிதர். மாத்திரைதான் ஆளை எழுப்பி உட்காரவைத்தது. அன்றிலிருந்து ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. குடியும் கிடையாது.

இந்த வருஷம் முதலில் நக்கல் நின்றது. பிறகு சாப்பாட்டுப் பை திறக்காமலே வீடு திரும்பியது. மாத்திரையை ஒழுங்காக விழுங்கிக்கொண்டே மனிதர் எங்கள் கண்ணெதிரே கரைந்துபோனார். சொந்தக்காரர்கள் வேறு ஆளாளுக்கு, மனசைத் தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அத்தனை பேரையும் கொக்கியில் மாட்டித் தொங்கவிடலாமா என்று எனக்கு ஆத்திரமாக வரும்.

டாக்டரம்மாவிடம் இழுத்துப்போனோம். தூக்கம் எப்படி, வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார். தைராய்டுக்கு ரத்தம் பார்த்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. இதில் மாமாவின் தப்பு எதுவும் இல்லை, நன்றாகக் கேட்டுவந்த மருந்து சிலருக்குப் போகப் போகக் கேட்காமல் போகும், ஏன் என்று முழுசாக யாருக்கும் தெரியாது என்றார். அளவைக் கூட்டலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம், இன்னொன்றைச் சேர்க்கலாம், மனநல ஆலோசகரிடமும் போகலாம். தானாகச் சட்டென்று நிறுத்திவிட மட்டும் கூடாது. சரியாகும்வரை கிரேன் ஏறவும் கூடாது. மாமா காதில் விழுந்தது அந்தக் கடைசி வார்த்தைதான்.

மறுநாள் காலை நான் சைட்டுக்குள் நுழைவதற்குள் மேலே போய் உட்கார்ந்திருந்தார். கொக்கியில் எதையும் மாட்டக்கூடாது என்று எல்லோரையும் விலக்கிவிட்டு வாக்கிடாக்கியை எடுத்தேன்.

“எறங்கி வாங்க மாமா.”

“எறங்கி?”

“வேற மாத்திரை ஆரம்பிக்கலாம்.”

“அதுக்கும் கேக்கலேன்னா?”

“இன்னொண்ணு பாக்கலாம்.”

“எனக்குத் தெம்பு இல்லடா. இங்கேருந்து கீழ பாத்தா எல்லாம் சுலபமாத் தெரியுது” என்றார்.

பக்கத்தில் நின்றவரை டாக்டருக்கும் அக்காவுக்கும் போன் போடச் சொல்லிவிட்டு ஏணியைப் பிடித்தேன். உயரம் என்றால் எனக்குக் குலை நடுக்கம். கீழ்வேலைக்கு வந்ததே அதனால்தான். அழுதுகொண்டே ஏறினேன். “பேசிக்கிட்டே இருங்க மாமா, நான் வந்துட்டேன்” என்பதைத் தவிர வாயில் வேறெதுவும் வரவில்லை. அவருடைய மூச்சு மட்டும் வாக்கிடாக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் தட்டுவதற்கு முன்பே கதவைத் திறந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது. கிரேனை நிறுத்தி, சாவியை உருவி என் கையில் வைத்து விரல்களை மூடினார்.

“இத நீயே வச்சுக்க. நான் கேட்டாலும் குடுக்காத.”