அட்டை மாற்றிய தொட்டிகள்

வேதாரண்யம் உப்பளம், பட்டுக்கோட்டைத் தேங்காய் மண்டி என்று சுற்றிவிட்டு, தஞ்சாவூர் பக்கம் ஒரு நெல் ஆராய்ச்சிக்கூடத்தில் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள், "இலைச்சுருட்டுப்புழு விழுந்திருக்குங்க சார்" என்றேன். அங்கிருந்த விஞ்ஞானி, "எட்டாங்கிளாஸ் ஃபெயிலு எனக்குப் பாடம் எடுக்குது!" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார்.

மறுநாளே பழிதீர்த்தேன். இரண்டு வரிசைத் தொட்டிகளின் பெயரட்டைகளை மாற்றிச் செருகினேன். இரண்டிலும் நெல் ஒரே மாதிரிதான் நின்றது. அவர் ஆராய்ச்சி நாசமாகட்டும் என்று ஒரு வாரம் குஷியாகத் திரிந்தேன்.

மாட்டியது அவரிடம் ஆராய்ச்சி செய்த மாணவி மலர். தொட்டிகள் அவள் பொறுப்பு. இலைகளைச் சோதித்தபோது அட்டையும் செடியும் ஒத்துப்போகவில்லை. "அட்டைகூட ஒழுங்கா வைக்கத் தெரியாதா? உன் மூணு வருஷமும் குப்பை!" என்று அவர் கத்திவிட்டுப் போனார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொன்னாள். ஒரு இலையின் செல்லுக்குள் சின்னச் சின்னப் பச்சை மணிகள் நிறைந்திருந்தன. இன்னொன்றில் ஒன்றிரண்டு பெரிய உருண்டைகள்தான்.

"இந்தப் பச்சை மணி ரெண்டு ரெண்டா பிரியறதுக்கு ஒரு ஜீன் வேணும்ணே. இதுல அது கெட்டுப்போனதால பிரியாம வீங்கிடுச்சு. வெளியில பாத்தா தெரியாது. யாரோ அட்டைய மாத்தியிருக்காங்க."

"நான்தாம்மா. அவர் மேல இருந்த ஆத்திரத்துல."

"அவருக்கு என்ன ஆச்சு? திட்டு வாங்குனது நான்தானேண்ணே."

அவரிடம் போய் ஒப்புக்கொண்டேன். வேலை போனது. மலர் தொட்டி தொட்டியாக இலை பார்த்து அட்டைகளைச் சரிசெய்தாள்.

அவரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை சொல்லத் துணியாமல், அங்கே என்னை மரியாதையாகக் கூப்பிட்ட ஒரே ஆளின் உழைப்பில் கைவைத்தேனே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.