நாற்பத்தோராவது ஓவர், ஐந்தாவது பந்து

பஸ்ஸில் கண்டக்டர் விசில் அடித்ததும் மைக்கேல்ராஜின் வலது கை தானாக உயர்கிறது. இறங்கப்போகிறார் என்று நினைத்துச் சிலர் வழிவிடுகிறார்கள். அவர் இறங்குவதில்லை. கையை மெல்லத் தாழ்த்திச் சட்டைப்பையில் பென்சில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு பூசையில் பங்குச்சாமியார் இரண்டு கைகளையும் விரித்தபோதும் ஒருமுறை அந்தக் கை பாதி வழி போய்விட்டது. பக்கத்தில் இருந்தவர் திரும்பிப் பார்க்கவே, தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தது.

பெங்களூர் லீக் ஆட்டங்களில் அவர் ஸ்கோரர். 1957 முதல் இந்த 2002 வரை, நாற்பத்தைந்து ஆண்டுகள். மைதானத்தில் அம்பயர் ஒரு சைகை காட்டினால், மரத்தடி மேசையில் இருக்கும் ஸ்கோரர் கையை உயர்த்திப் பதில் சொல்ல வேண்டும். அதுவரை அம்பயர் அடுத்த பந்தைப் போடவிட மாட்டார்.

"நம்ம கை ஏறலேன்னா ஆட்டம் நின்னுடும்பா. பவுலரு எங்கிருந்து ஓடியாந்தாலும் சரி, நிக்கணும்" என்பார்.

ஒரே ஒரு சைகைதான் அவருக்குப் பிடிக்காது. இரண்டு கைகளையும் மார்பின் குறுக்கே கொண்டுபோய் எதிரெதிர்த் தோள்களைத் தொடுவது. சற்று முன் காட்டியது செல்லாது என்று பொருள். இரண்டாயிரத்தில் வந்த விதிப்புத்தகத்தில் இது இருக்கிறது. இதுவரை மூன்று முறை பார்த்திருக்கிறார். மூன்று தேதியும் சொல்வார். "காட்டினத காட்டலேன்னு சொல்றதுக்கு ஒரு சிக்னலு. இன்னா நியாயம் இது?"

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் என்ற பகுதியில் பிறந்தவர். அப்பா சுரங்கத்தில் இறங்கியவர். 1955இல் பெங்களூர் வந்து, ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் டைம்கீப்பராக முப்பத்தொன்பது ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றார். அடுகோடியில், லேத் பட்டறைகளுக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கட்டிலுக்கு அடியில் தகரப் பெட்டி. அதில் அறுபத்தொரு ஸ்கோர் புத்தகங்கள், ஆண்டுவாரியாக, வேப்பிலையோடு.

"என் புக்குல ஒரு தப்பு காட்டு, டீ வாங்கித் தரேன்" என்பது அவர் பந்தயம். மைதானத்துக்கு வரும் எல்லோரிடமும் சொல்வார். அவரிடம் டீ குடித்தவர் யாரும் கிடையாது. இந்த ஆண்டு பிப்ரவரி பதினெட்டாம் தேதி, திங்கட்கிழமையிலிருந்து அதைச் சொல்வதை அவர் நிறுத்திவிட்டார்.

அதற்குக் காரணம் டென்சில் சார்.

டென்சில், ரிச்சர்ட்ஸ் டவுன்காரர். தபால் தந்தி அலுவலகத்தில் வேலை. ஈவ்னிங் ஸ்டார் என்ற கிளப்புக்குப் பதினாறு சீசன் ஆடினார். அதற்கு மேலான அணிக்கு யாரும் கூப்பிடவில்லை. அவர் ஆடியதைப் பற்றிக் கேட்டால் மைக்கேல்ராஜ் எண்களில்தான் தொடங்குவார். நூற்று எண்பத்திரண்டு இன்னிங்ஸ், நாலாயிரத்து எழுநூற்று ஆறு ரன். பிறகு பேச்சு எண்ணிலிருந்து நழுவிவிடும். சட்டைக் கையை முழங்கைக்குக் கீழே சரியாக இரண்டு மடிப்பு மடிப்பார், மூன்றில்லை. தேநீர் நிறத்துக்கு வந்துவிட்ட ஒரு பழைய பேட். பந்தை அடிக்க மாட்டார், வழியனுப்பி வைப்பார். பேட்டில் பட்ட சத்தம் கதவை விரல்முட்டியால் தட்டியது போல் இருக்கும். அடித்த பிறகு பந்து எங்கே போகிறது என்று பார்க்க மாட்டார். குனிந்து, ஆடுகளத்தில் விரித்திருக்கும் மேட் என்ற நார்ப்பாயில் ஏதாவது சுருக்கம் இருந்தால் நீவிவிடுவார். நல்ல பந்தை நாலுக்கு அனுப்பிவிட்டு, வீசியவனைப் பார்த்து மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு சிரிப்பு.

"திட்ட வந்த பவுலரு கூட தேங்க்ஸு சொல்லிட்டு போவான்" என்பார் மைக்கேல்ராஜ்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சதம்கூடக் கிடையாது. அதிகபட்சம் தொண்ணூற்றொன்பது. 1961 நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. எதிரணி இருநூற்றுப் பதினொன்று. ஈவ்னிங் ஸ்டாருக்கு ஏழு விக்கெட் போய்விட்டது. அன்று ஓர் ஆள் வராததால், மைதானத்தில் ரோலர் இழுத்து மேட் விரித்து ஆணி அடிக்கும் முனியப்பனை, இரவல் பேன்ட் கொடுத்து ஒன்பதாவதாக இறக்கினார்கள். ஷூ இரண்டு அளவு பெரியது. அந்த ஷூவில் அவர் ஐம்பது ரன் அடித்தார், அவுட் ஆகவில்லை. வெற்றி ரன்னும் அவருடையதே. அதற்கு முன்பே, தொண்ணூற்றொன்பதில் டென்சிலின் பேட்டை ஒரு பந்து உரசியது. யாருக்கும் கேட்கவில்லை. பந்தைப் பிடித்த கீப்பர் பேருக்கு அவுட் கேட்டதற்கு அம்பயர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். டென்சில் கையுறையைக் கழற்றினார். "சாரி, நான் தொட்டுட்டேன்" என்று அம்பயரிடம் சொல்லிவிட்டு நடந்து வந்தார்.

மேசையருகே நின்று, "எவ்வளவு மைக்?" என்றார்.

"தொண்ணூத்தொம்போது சார்."

டென்சில் புத்தகத்தை ஒரு கணம் பார்த்தார். மைக்கேல்ராஜின் தோளைத் தட்டினார். டீ குடிக்கப் போனார்.

ஓய்வுக்குப் பிறகு மைக்கேல்ராஜ் தன் பழைய புத்தகங்களைத் தடித்த நோட்டுகளில் நகல் எடுக்கத் தொடங்கினார். வெறும் நகல் அல்ல. ஸ்கோர் புத்தகத்தில் ஒவ்வொரு ரன்னும் இரண்டு இடத்தில் ஏறும். அடித்தவர் பெயருக்கு எதிரே ஒன்று, வீசியவர் கட்டத்தில் ஒன்று. வீசியவர் கட்டத்தில் பந்துக்குப் பந்து வரிசை இருக்கும். ஒரு ரன் ஓடினால் ஆட்டக்காரர்கள் இடம் மாறுவார்கள். ஓவர் முடிந்தால் வீசும் பக்கம் மாறும். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு போனால், எந்தப் பந்தை யார் சந்தித்தார் என்று நாற்பது வருடம் கழித்தும் சொல்லலாம். ஆட்டம் ஆட்டமாக அப்படி நடந்து வந்தவர் அந்தத் திங்கட்கிழமை அந்த 1961 ஆட்டத்தின் நாற்பத்தோராவது ஓவரின் ஐந்தாவது பந்தில் நின்றுவிட்டார்.

ஒரு ரன். பந்தைச் சந்தித்தவர் டென்சில். புத்தகத்தில் அது முனியப்பன் கணக்கில் இருந்தது.

நான்கு முறை முதலிலிருந்து வந்து பார்த்தார். கூட்டல் சரி. பவுலிங் சரி. அதனால்தான் அன்று எதிரணி ஸ்கோரரும் டிக் போட்டுவிட்டார். ஆள் மட்டும் தப்பு.

அந்தப் பந்து அவருக்கு நன்றாக நினைவிருந்தது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே டென்சிலைத் தாண்டிப் போய்விட்ட பந்து. விக்கெட் கீப்பரின் கைகள் மூடத் தொடங்கிவிட்டன. அப்போது, யாரோ தூங்கும் அறையின் கதவைச் சாத்துவது போல், டென்சில் பேட்டை அதன்மேல் வைத்து மூடினார். லேட் கட் என்பார்கள். கீப்பரின் கையில் காற்று. பந்து அவருக்குப் பின்னால் தேர்ட் மேன் பக்கம் உருண்டுகொண்டிருந்தது. மைக்கேல்ராஜ் பென்சிலை மேசைமேல் வைத்துவிட்டார். நாற்பத்தைந்து ஆண்டுகளில் ஆட்ட நடுவில் அவர் பென்சிலை வைத்தது அந்த ஒரு முறைதான். "ஐயோ" என்று வாய்விட்டுச் சொன்னது கூட ஞாபகம் இருக்கிறது. சுதாரித்துப் பென்சிலை எடுத்து நிமிர்ந்தபோது, ஓட்டம் முடிந்து, பேட்டிங் முனையில் முனியப்பன் நின்றார். யார் நிற்கிறாரோ அவர் பேருக்கு ஒன்று போட்டுவிட்டார்.

ஆக, டென்சில் அடித்தது நூறு. முனியப்பன் அடித்தது நாற்பத்தொன்பது.

மர்ஃபி டவுனில் முனியப்பன் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ஃபிஃப்டி என்று கேட்க வேண்டும். தபால்காரரும் அப்படித்தான் கூப்பிடுவார். இந்த ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம் என்று பத்திரிகை கொடுக்க அடுகோடிக்கு வந்தார்.

"பேர பாருண்ணே. ப்ரூஃபு நாலு வாட்டி திருத்தினேன்."

திரு. 'ஃபிஃப்டி' வீ. முனியப்பன் – திருமதி மரகதம் என்று தங்க எழுத்தில் இருந்தது.

"சம்பந்தி கேக்குறாரு, இன்னாங்க இது ஃபிஃப்டி, அம்பது பர்சென்ட்டு கமிஷனான்னு. மரகதம் வுடுமா? எங்க ஊட்டுக்காரரு டென்சில் தொரை கூட நூறு அடிக்காத மேட்ச்சுல அம்பது அடிச்சவருன்னு சொல்லிச்சு. அந்தாளு கப்சிப்."

மைக்கேல்ராஜுக்குச் சிரிப்பு வரவில்லை.

"நம்பலேன்னா மைக்கேல் அண்ணன் புக்க பாருன்னுட்டேன். நீதாண்ணே சாட்சி."

"குந்துப்பா. டீ சொல்றேன்" என்றார் மைக்கேல்ராஜ்.

"அட! உன் புக்குல தப்பு கண்டுபுடிச்சாதான டீ? நான் இன்னா கண்டுபுடிச்சேன்?" என்று முனியப்பன் தொடையில் தட்டிச் சிரித்தார். மைக்கேல்ராஜ் தெருமுனைக் கடைக்குப் போய்த் தம்ளரில் வாங்கி வந்தார். வரும் வழியில் பாதி சிந்திவிட்டது.

செப்டம்பரில் கிளப்பிலிருந்து கடிதம் வந்தது. பொன்விழாவுக்குத் தேக்குப் பலகை ஒன்று மாட்டுகிறார்கள். கிளப்புக்காகச் சதம் அடித்தவர்களின் பெயர்கள். திறப்பு அக்டோபர் பதின்மூன்று. பட்டியலைச் சரிபார்த்து, ஐந்தாம் தேதிக்குள் ஸ்கோரர் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். கூடவே இருந்த பட்டியலில் பதினேழு பேர். நான்கு நாள் அதை வைத்துக்கொண்டிருந்துவிட்டு, காந்தி ஜெயந்தியன்று, 1961ஆம் ஆண்டுப் புத்தகத்தைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு மைக்கேல்ராஜ் ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு பஸ் ஏறினார்.

டென்சிலுக்கு எழுபத்தொன்று. வலது தோள் இறுகிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. தலையை வாரிவிடுவதுகூட மனைவி பிரிஜெட்தான். வராந்தாவில் பிரம்பு நாற்காலி. எதிரே, ஜன்னல் வழியாகத் தெரியும்படி திருப்பிவைத்த டி.வி. ஒளிபரப்பில் எந்த ஆட்டம் வந்தாலும் பார்ப்பார். சட்டைக் கையில் அதே இரண்டு மடிப்பு.

"வா மேன் மைக். இன்னைக்கு மேட்ச் இல்லையா?"

"ஒரு தப்பு ஆயிப்போச்சு சார்" என்று மைக்கேல்ராஜ் புத்தகத்தைத் திறந்தார். கட்டம் கட்டமாக விரலை நகர்த்தி எல்லாவற்றையும் சொன்னார். டென்சில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். ஆனால் பக்கத்தைப் பார்க்கவில்லை, மைக்கேல்ராஜின் முகத்தைப் பார்த்தார்.

"அந்த லேட் கட்டா?"

"ஆமா சார்."

"நீ பென்சிலை கீழே வெச்சியா? நீயா?"

"வெச்சிட்டேன் சார்."

டென்சில் சிரித்தார். சிரிப்பு இருமலாகிப் பிரிஜெட் தண்ணீர் கொண்டுவரும்வரை சிரித்தார். "இத்தனை வருஷத்துல யாரும் எனக்கு இவ்ளோ பெரிய பரிசு குடுத்ததில்ல மேன்."

"போர்டுல உங்க பேரு வரணும் சார். நான் எழுதிக் கையெழுத்து போட்டா ஏத்துக்குவாங்க."

"அப்புறம் ஃபிஃப்டியை என்னன்னு கூப்பிடுவே? ஃபார்ட்டி நைனா?"

மைக்கேல்ராஜ் முனியப்பனின் வரிசையில் விரலை வைத்தார்.

"நூறு அடிச்சவன் எத்தனை பேர் லிஸ்ட்ல?"

"பதினேழு சார்."

"தொண்ணூத்தொம்போதுல தானா நடந்து வந்தவன்?"

"நீங்க ஒருத்தர்தான்."

"அதை ஏன் மேன் என்கிட்டேர்ந்து புடுங்கறே? மூட்டை கட்டு புக்கை."

"தெரியாம இருந்தா பரவால்ல சார். இப்ப தெரிஞ்சுபோச்சே. தெரிஞ்சிகினே எப்படி வுட்டு வைக்கிறது?"

டென்சில் கண்ணாடியைக் கழற்றினார். டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். மைக்கேல்ராஜ் புத்தகத்தை மூடிக்கொண்டு எழுந்தார்.

பிரிஜெட் கேட் வரை கூடவே வந்தார். வராந்தாவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அவர் சொல்றதை கேக்காதே மைக்கேல். அன்னைக்கு வீட்டுக்கு வந்து, பெட்ல உக்காந்து விரல் விட்டு எண்ணினார். நூறுதான் வருது பிரிஜெட்னு சொன்னார். மறுபடி எண்ணினார். அதுக்கப்புறம் இதைப் பத்தி ஒரு நாளும் என்கிட்ட பேசினதில்ல." கேட்டின் கொக்கியை அவர் திறந்து திறந்து மூடினார். "எங்களுக்கு பிள்ளைங்க இல்ல. பேர் ஒரு இடத்துல எழுதி இருந்தா நல்லாருக்கும். நீ எழுது. ப்ளீஸ்."

மைக்கேல்ராஜ் தெருவில் இறங்கி நின்றார். புத்தகம் வலது கையில் கனத்தது. அன்று மேசையருகே வந்த டென்சில் புத்தகத்தை ஒரு கணம் பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்தப் பக்கத்தில், முனியப்பனின் பெயருக்கு எதிரே ஏறிக்கொண்டிருந்த எண்களும் அவர் கண்ணில் பட்டிருக்கும். வீட்டில் எண்ணிப் பார்த்த பின்னும் அதைத் திருத்தச் சொல்லி அவர் வரவேயில்லை.

வராந்தாவில் நாற்காலி கிறீச்சிட்டது. டென்சில் எழுந்து படியின் விளிம்புக்கு வந்திருந்தார். கேட்டை நேராகப் பார்த்து, அம்பயர் ஸ்கோரர் மேசையைப் பார்த்து நிற்பதுபோல் நின்றார். இடது கை குறுக்கே சென்று வலது தோளைத் தொட்டது. அடுத்து வலது கை. அது மார்பு வரை வந்து நின்றுவிட்டது. முகம் சுருங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் தூக்கி, விரல் நுனிகளை இடது தோளில் வைத்தார்.

"டென்சில்! தோள்பட்டை! கையை இறக்குங்க!" என்று பிரிஜெட் கத்தினார்.

டென்சில் இறக்கவில்லை. பதிலுக்காகக் காத்திருந்தார். வலது முழங்கை நடுங்கத் தொடங்கியது. சட்டைக் கையின் இரண்டு மடிப்பும் சேர்ந்து நடுங்கின.

மைக்கேல்ராஜ் புத்தகத்தை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை, விரல்கள் சேர்ந்திருக்க, தலைக்கு மேலே உயர்த்தினார்.