காளையின் கண்ணில் சுண்ணாம்பு

எங்கள் காளையின் கண்ணில் சுண்ணாம்பைப் போட்டது நிலக்காரர்தான் என்று தெருவெல்லாம் கூவியவள் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வயதாகியும் அது குறையவில்லை.

அப்போது கீழ்வேளூர்ப் பக்கம் அவர் நிலம் இரண்டு ஏக்கரை நாங்கள் குத்தகைக்குச் சாகுபடி செய்துகொண்டிருந்தோம். குத்தகைக்காரரை வெளியேற்றக் கூடாது என்று அரசாங்கம் சட்டம் போட்டிருந்தது. நாங்களாகவே சாகுபடியை விட்டுவிட்டோம் என்று காட்டினால் நிலத்தை மீட்டுவிடலாம் என்பது அவர் கணக்கு; அப்படியே மனுவும் கொடுத்திருந்தார். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. யார் சாகுபடி என்று எழுதக் கிராமக் கணக்குப்பிள்ளை வந்து பார்க்கும்போது வயலில் எங்கள் ஏர் ஓட வேண்டும். ஊரில் எல்லார் மாடும் உழவில் இருந்ததால் இரவல் கேட்கவும் வழியில்லை. அந்த நேரம் பார்த்து எங்கள் ஏர் மாடு இரண்டில் இந்தக் காளைக்கு ஒரு கண் ஒழுகிப் பூளை கட்டி, கருவிழி வெள்ளையாகிவிட்டது. வெயிலில் நிறுத்தினால் தலையை உதறிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. சுண்ணாம்பு வேலைதான் என்று தெருவில் இறங்கிவிட்டேன்.

இவ்வளவு சண்டையிலும் அவர் வீட்டுப் பசுவைக் கறந்தவள் நான்தான். வேறு யார் மடியில் கை வைத்தாலும் அது பாலை அடக்கிக்கொண்டு உதைக்கும். அவரால் என்னை நிறுத்த முடியவில்லை. எனக்கும் அந்தப் பசுவை விட மனமில்லை. ஆகவே காலையில் அவர் கொல்லையில் பால் கறப்பேன், பிறகு தெருவுக்கு வந்து அவரைத் திட்டுவேன்.

என் வீட்டுக்காரர் காளையை மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டினார். நானும் கூடவே போனேன். டாக்டர் இமையை விரித்துப் பார்த்தார்.

"சுண்ணாம்பு இல்லம்மா, இது கிருமி. வைக்கோல் குத்தினாலோ தூசி விழுந்தாலோ கண்ணு புண்ணாகும், அதுல ஏறிக்கும். ஒரு மாட்டுலேருந்து இன்னொண்ணுக்கு ஈ கொண்டுபோகும். பக்கத்துல வேற மாட்டுக்கு இப்படி இருக்கா?"

"நெலக்காரர் வீட்டுக் கன்னுக்குட்டிக்கு நாலஞ்சு நாளா கண்ணு ஒழுகுதுங்க. பாவமா இருக்கும். பால் கறந்ததும் நான்தான் தொடச்சு விடுவேன்."

"எதால தொடச்சீங்க?"

முந்தானையைக் காட்டினேன்.

"வீட்டுக்கு வந்து ஒங்க மாட்டுக் கண்ணையும் அதாலயா?"

முந்தானையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், அவர் தோள் குலுங்கியது. டாக்டருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஈ மேல பழி போட வேண்டாம். நீங்கதாம்மா பெரிய ஈ!"

கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கண்ணைக் கழுவி மருந்து போட வேண்டும், மாட்டை நிழலில் கட்ட வேண்டும், ஒவ்வொரு மாட்டுக்கும் தனித் துணி வேண்டும், கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்று சொல்லி ஒரு களிம்புக் குழாயைக் கொடுத்தார். கன்றுக்கும் அதையே போடச் சொன்னார்.

அன்று மாலை நிலக்காரர் வீட்டுக் கொல்லையில் நுழையவே கால் கூசியது. அவர் கன்றின் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் களிம்பு போட்டேன்.

"ஐயா, சுண்ணாம்புன்னு ஒங்களத் தப்பாச் சொல்லிட்டேங்க. என்னாலதான் எங்க மாட்டுக்கு ஒட்டிக்கிச்சாம்."

அவர் கன்றின் தலையை விட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். தன் கன்றுக்குச் சுண்ணாம்பு தடவியது என் வீட்டுக்காரர் என்று போலீசுக்கு எழுதி வைத்திருந்த மனு அது! அதைக் கிழித்துப் போட்டார்.

"அப்ப நெலத்து மனுவையும் வாபஸ் வாங்கிக்குவீங்களாய்யா?"

"அது வேற, இது வேற" என்றார்.

ஆறாம் நாள் காளை வெயிலில் கண்ணைத் திறந்து பார்த்தது. மறுநாளே ஏர் பூட்டினோம். தரிசாகக் கிடக்கிறது என்று காட்டுவதற்காகக் கணக்குப்பிள்ளையை அழைத்துக்கொண்டு நிலக்காரர் வரப்பில் வந்தபோது, பாதி வயல் உழுதாகிவிட்டது. கணக்குப்பிள்ளை கணக்குப் புத்தகத்தைப் பிரித்துச் சாகுபடி எங்களுடையது என்று எழுதினார். நிலக்காரர் அந்தப் பக்கமே திரும்பவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கி, காளையின் முகத்துக்கு நேரே கையை ஆட்டிப் பார்த்தார். அது மிரண்டு தலையைப் பின்னுக்கு இழுத்தது.

"கண்ணு தெரியுதுடா இதுக்கு!" என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கத்தினார், தன் வீட்டு மாடு பிழைத்ததைப் போல.