மருந்தை மாற்ற என் சம்மதம்

இன்று கிளினிக்கில் என்னிடம் சம்மதம் கேட்டார்கள். மூட்டுவாதத்துக்குப் போட்டுவந்த விலைகூடிய ஊசிக்குப் பதிலாக, அதே வேலையைச் செய்யும் மலிவான ஊசி தருவார்களாம்.

நான் தபாலதிபராக இருந்த காலத்தில், என் கையெழுத்தைப் பார்ப்பதற்கென்றே எங்கள் கிரான் ஊர்ச் சனம் வயலில் வெள்ளாமை வெட்டை நிறுத்திவிட்டு வரும். இன்று பேனையைப் பிடிக்க விரல் மடங்கவில்லை. பழைய ஊசியை அவர்கள் நிறுத்தி ஏற்கெனவே இரண்டு மாதமாகிறது.

நேர்ஸ் பிள்ளை மைப்பெட்டியைத் தள்ளினாள்.

“அப்ப பெருவிரல வைங்க ஐயா.”

வைத்தேன்.

“புது ஊசி எங்க மகள்?”

“அது இன்னும் வரல்ல. அடுத்த கிளினிக்குக்கு வாங்க, பாப்பம்.”

மலிவான மருந்தோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் இல்லாத மருந்துதான் எல்லாவற்றிலும் மலிவு என்று கண்டுபிடித்த மகானுக்கு ஒரு மாலை போட வேண்டும். யாராவது கட்டித் தாருங்கள், என் விரல்கள் விடுமுறையில்.