சுக்குப்பொடி ஜாடியில் பிடித்த பெட்ரோல்

எனக்கு எழுத்து கோணல்மாணலாகத்தான் வரும். அஞ்சாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அம்பதுகள் முடிந்து அறுபது பிறக்கிற சமயம். கொடைக்கானலுக்குக் கீழே வில்பட்டியில் எங்களுக்குப் பூண்டு வெள்ளாமை. எங்க வீட்டுக்காரர் ஒரு பழைய பெட்ரோல் லாரி வைத்திருந்தார். யுத்தத்தில் ஓடி, ஏலத்தில் வந்த வண்டி. பூண்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு வத்தலக்குண்டு போய்வருவார். என் தங்கச்சியை மலைக்குக் கீழே, கீழ்நாட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரருக்கு ஏரோப்ளேன் இறங்குகிற இடத்தில், ஏரோப்ளேனுக்குப் பெட்ரோல் ஊற்றுகிற வேலை. எங்க அம்மா அப்போது உயிரோடு இல்லை. அதனால் தலைப்பிரசவத்துக்கு அவளை நான்தான் அழைத்துவந்து வைத்துக்கொண்டேன்.

வந்த நாளிலிருந்து எனக்கு வயிற்றெரிச்சல். அவள் கட்டியிருந்த சேலையைப் பார்த்தோ, அவள் வீட்டுக்காரர் போடுகிற காக்கிச் சட்டையை நினைத்தோ இல்லை. அந்த மனுசன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், பொண்டாட்டியை உட்காரவைத்து அன்றைக்கு என்ன வேலை பார்த்தோம் என்று சொல்வாராம். இவள் கேள்வி கேட்பாளாம். அவர் பதில் சொல்வாராம். எங்க வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து லாரியைப் பற்றி என்னிடம் பேசியதெல்லாம், "தள்ளி நில்லு, கறை பட்டுரும்" என்பது ஒன்றுதான்.

பூண்டு உரித்துக்கொண்டே அவள் கதை கதையாகச் சொல்லுவாள். பெட்ரோல் தொட்டி ரெண்டு றெக்கைக்குள்ளேயும் இருக்குமாம். ஒரு பக்கத்தையே காலி பண்ணினால் ஏரோப்ளேன் சாய்ந்துவிடும் என்று மாற்றி மாற்றி எடுப்பார்களாம், நாம் மட்டக்குதிரைக்கு ரெண்டு பக்கமும் சமமாகப் பொதி கட்டுகிற மாதிரி. பெட்ரோல் ஊற்றுவதற்கு முன்னால் பெட்ரோல் வண்டிக்கும் ஏரோப்ளேனுக்கும் ஒரு கம்பியைக் கட்டிவிடுவார்களாம். ஏன்டி என்று கேட்டேன். "பனிக்காலத்துல கம்பளிச் சட்டையக் கழட்டயில படபடன்னு பொரியுதுல்லக்கா, அந்தப் பொறி ஒண்ணு போதும், எல்லாம் எரிஞ்சு போகும். கம்பி கட்டுனா பொறி பறக்காது" என்றாள். தீப்பெட்டியை வாசலிலேயே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமாம். எங்க வீட்டுக்காரரோ பீடியைக் கடித்துக்கொண்டே பெட்ரோல் ஊற்றுகிறவர்.

எல்லாவற்றுக்கும் மேலே தண்ணீர்தான் அவளுக்குப் பெரிய பேச்சு. காலையில் ஏரோப்ளேன் கிளம்புவதற்கு முன்னால், றெக்கைக்கு அடியில் இருக்கிற சின்னக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாராம். தண்ணீர் கனம். இருந்தால் அடியில் போய் நின்றுவிடும். அது வெளியேறி, பாட்டில் முழுக்க ஒரே நிறமாக வருகிற வரைக்கும் விடமாட்டாராம்.

"மூடி வச்ச தொட்டிக்குள்ள எப்படிடி தண்ணி வரும்? உள்ளாற மழையா பெய்யுது?" என்றேன்.

"பாதித் தொட்டியா நிறுத்துனா, மேல இருக்க காத்து ராத்திரிக் குளிர்ல வேர்த்துப்போகும்க்கா. அதான் சாயங்காலமே நெறைச்சு வச்சுருவாங்க."

எனக்கு நன்றாகப் புரிந்தது. ஆனால் புரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. "ஆமா, நீ ஓட்டிப் பாத்த" என்று எழுந்துபோனேன்.

ஒருநாள் அவள் எங்க வீட்டுக்காரரிடமே சொல்லிவிட்டாள். பெட்ரோல் பீப்பாய் வாசலில் நிமிர்ந்து நின்றது. மேலே மூடியைச் சுற்றிப் பனித்தண்ணீர் தேங்கிக் கெடந்தது.

"மாமா, அதைப் படுக்கப் போடுங்க. குளிர்ல தண்ணிய உள்ள உறிஞ்சிரும்."

"இரு கொழுந்தியா, எங்க லாரிக்கு றெக்கை முளைக்கட்டும். அப்பப் படுக்கப் போடுறேன்."

கேலிதான். ஆனாலும் நின்று பதில் சொன்னாரே. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்கழி கழிகிற நேரம், வெள்ளனே அவளுக்கு வலி எடுத்தது. ஊர் மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "புள்ள குறுக்க கெடக்கு, என்னால ஆகாது. வெரசா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்றாள். லாரி நாலைந்து நாளாகப் பனியில் சும்மா நின்ற வண்டி. எங்க வீட்டுக்காரர் பீப்பாயிலிருந்து ஒரு டின் பெட்ரோலைப் பிடித்து ஊற்றிக் கிளப்பினார். பின்னால் சாக்கு விரித்து அவளைப் படுக்கவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

மேலே கொடைக்கானல் டவுனுக்குப் போகிற வழியில், அட்டுவம்பட்டிக்குக் கீழே ஏற்றத்தில் இஞ்சின் இருமியது. ரெண்டு குலுக்கு குலுக்கி நின்றேபோனது. வண்டி மெள்ளப் பின்னால் நகர ஆரம்பித்தது. பின்னால் வளைவு, வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம். பிரேக்கை நம்ப முடியாத வண்டி. க்ளீனர் அன்றைக்குப் பார்த்து வரவில்லை. "ஏ புள்ள, கட்டை!" என்று அவர் கத்தின கத்தில், முட்டுக்கட்டையோடு நான் எப்படிக் குதித்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. சக்கரத்துக்கு அடியில் வைத்தேன். நின்றது.

அவர் இஞ்சினுக்கு முன்னால் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினார், சுற்றினார். இஞ்சின் பிடிக்கவே இல்லை. பனிமூட்டத்தில் முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி சத்தம் இல்லை. என் தங்கச்சி பல்லைக் கடித்துக்கொண்டு சாக்கிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மாமா, தொட்டிக்கு அடியில திருகாணி இருக்கும். தெறந்து பிடிச்சுப் பாருங்க."

"இருக்கிற பெட்ரோலையும் தரையில விடவா? நீ சும்மா படு ஆத்தா."

"அக்கா, நீ ஒரு ஜாடி எடு."

பிரசவ மருந்துக்கென்று வாய் அகன்ற கண்ணாடி ஜாடியில் சுக்குப்பொடி கொண்டுவந்திருந்தேன். பொடியை முந்தானையில் கொட்டி முடிந்துகொண்டேன். "நல்லாத் தொடைக்கா! ஜாடி ஈரமா இருந்தா எந்தத் தண்ணின்னு எப்படித் தெரியும்?" என்று அந்த வலியிலும் அதட்டுகிறாள். "மொதல்ல மாமா வாயில இருக்கிற பீடியப் பிடுங்கி தூரப் போடு." பிடுங்கிப் போட்டேன். அவர் வாயைத் திறந்தபடி நின்றார். கல்யாணமாகி அந்த மாதிரி நான் செய்தது அதுதான் முதல் தடவை.

ரெண்டு பேரும் வண்டிக்கு அடியில் புகுந்தோம். அவர் திருகாணியைத் தளர்த்த, நான் பிடித்தேன். வெளியே வந்து வெளிச்சத்தில் தூக்கினேன். ஜாடியில் பாதிக்கு மேல் தண்ணீர். அதற்கு மேலே பெட்ரோல். நடுவில் நூல் கட்டின மாதிரி ஒரு கோடு. எங்க வீட்டுக்காரர் பார்த்தார். தூரக் கொட்டிவிட்டு மறுபடியும் பிடித்தோம், மறுபடியும். ஒரே நிறமாக வந்ததும் திருகாணியை மூடினார். இஞ்சினுக்குப் பக்கத்தில், பெட்ரோல் வடிகட்டுகிற கண்ணாடிக் கிண்ணத்தையும் கழற்றிக் கொட்டினார். அதிலும் தண்ணீர்தான். "சிந்தின இடத்துல மண்ணப் போட்டுட்டுக் கிளப்புங்க" என்று மேலிருந்து உத்தரவு. போட்டேன். அதற்கப்புறம்தான் இஞ்சின் நாலு தும்மல் தும்மிப் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரெண்டு உயிரும் தங்கியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னார்கள்.

தந்தி பார்த்துவிட்டு அவள் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பிள்ளையைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பிறகு கேட்கிறார்: "தண்ணி எவ்வளவு நின்னுச்சு?" அவள் விரலை வைத்துக் காட்டுகிறாள். "திரும்பப் பிடிச்சீங்களா?" "பிடிச்சோம்ல." ரெண்டு தலையும் ஒட்டிக்கொண்டு அந்தத் தண்ணீரைப் பற்றியே பேசுகின்றன. கையில் கஞ்சிச் செம்போடு நான் நிற்கிறேன். ஜாடியைப் பிடித்தது நானாக்கும்! அந்தச் சந்தோசத்திலும் எனக்கு நெஞ்சு எரிந்தது. திரும்பினால் எங்க வீட்டுக்காரர் வாசல்படியில் நின்று அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வில்பட்டிக்குத் திரும்பின மறுநாள் காலையில் வாசலில் பீப்பாய் படுத்துக் கெடந்தது. லாரிக்கு அடியிலிருந்து சத்தம் வந்தது. "ஏ புள்ள, அந்த ஜாடிய எடுத்துக்கிட்டு வா." போனேன். பிடித்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் தூக்கினேன். "இருக்கா?" என்று கேட்டார். உடனே சொல்லவில்லை. வேண்டுமென்றே ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "இல்லை, கிளம்புங்க" என்றேன். கிளம்பினார். லாரியை விற்கிற வரைக்கும் நான் பார்த்துச் சொல்லாமல் ஒருநாளும் அதைக் கிளப்பியதில்லை. போகப் போக, சாயங்காலம் வந்து மலைப்பாதையில் நடந்ததையும் சொல்ல ஆரம்பித்தார்.

அந்த "இருக்கா" மாதிரி ஒரு பேச்சு தங்கச்சிக்குக் கல்யாணமான மறுநாளே கிடைத்தது, எனக்கு அவள் உயிருக்குப் போராடின பிறகுதான் கிடைத்தது என்று நினைக்கும்போது, இத்தனை வயசிலும் கொஞ்சம் எரியத்தான் செய்கிறது.

ஒரு விசயம். ஏரோப்ளேன் பெட்ரோலில் ஒரு தரம் இன்னொன்றோடு மாறிவிடக் கூடாது என்று நிறம் கலந்திருப்பார்கள் என்று சொன்னாள். அது பச்சையா, நீலமா, மறந்துவிட்டது. தண்ணீர், கம்பி விசயமெல்லாம்கூட நான் தப்பாக எழுதியிருக்கலாம். விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள். என் தங்கச்சியிடம் மட்டும் கேட்க வேண்டாம்.